முதல் ஆளுக்கு மட்டும் வண்ணம்

பதினைந்து வருடத்துக்கு முந்தைய பிழையை இன்னும் நினைத்துக்கொண்டிருப்பவனுக்கு வேறு வேலை இல்லை என்பார்கள் வீட்டில். சரிதான். ஆனால் போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் அனுப்பிய நான்கு வரி நிரலைப் படித்ததிலிருந்து அந்தப் பழைய பிழை மறுபடியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. விஷயம் என்னவோ மிகச் சாதாரணம். வலைப்பக்கத்தில் ஸ்டைல் ஷீட், அதாவது பக்கத்தின் நிறமும் அமைப்பும் எழுதிய கோப்பு, சேர்க்க வேண்டும். கையால் எழுதினால் ஒரே வரி, அந்தக் கோப்பைச் சுட்டும் ஒரு லிங்க் டேக். அதையே சர்வரில் ஓடும் நிரல் வழியாகச் சேர்க்கப் போனால் என்னென்ன ஆகும் என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அவனுக்கு அனுப்பும் பதிலில் அதை எழுத உட்கார்ந்தேன். இரண்டு பத்தி எழுதி அழித்தேன். நிரலைச் சரிபார்த்துக் கருத்து எழுதும் ரிவ்யூ பெட்டிக்குள் அடங்குகிற சமாச்சாரம் இல்லை அது.

2010. சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் இருந்தேன். கிளையன்ட் ஒரு காப்பீட்டு நிறுவனம். முகவர்கள் நுழைந்து பாலிசி விவரம் பார்க்கிற தளம் எங்கள் பொறுப்பு. மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் எழுதியது, அதிலும் பக்கத்தைக் கண்ட்ரோல் என்கிற துண்டுகளால் கட்டுகிற வெப் ஃபார்ம்ஸ் முறையில். அந்தக் காலத்தில் அதில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், மீதியை அவர்களே நினைத்துக்கொள்வார்கள். அதே தளத்தை ஆறு வங்கிகள் தங்கள் பெயரில், தங்கள் நிறத்தில் காட்டவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எந்த முகவரியில் ஆள் வந்திருக்கிறார் என்பதைப் பார்த்து நீலமா, மெரூனா என்று சர்வர்தான் முடிவெடுக்க வேண்டும். ஆகவே லிங்க் டேக்கைக் கையால் எழுதிவைக்க வழியில்லை. வேலை என் தலையில் விழுந்தது. அரை நாள் வேலை என்று எஸ்டிமேட் கொடுத்தேன்.

அரை நாளில் முடியவும் செய்தது, அதுதான் வினை. 2005இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே பக்கத்தின் ஹெட் பகுதிக்கு, அதாவது கண்ணுக்குத் தெரியாத குறிப்புகள் இருக்கும் தலைப்பகுதிக்கு, ரன்-அட்-சர்வர் என்று போட்டுவிட்டால் அது நிரலுக்குள் ஒரு பொருளாகக் கைக்கு வந்துவிடும். லிங்க் ஒன்றை உருவாக்கு, முகவரி கொடு, ஸ்டைல் ஷீட் என்று சொல்லு, ஹெட்டுக்குள் சேர். நான்கு வரி. முதலில் ஓட்டியபோது, ஹெட்டுக்குள் ஏற்கெனவே சதவீதக் குறிக்குள் கோட் துண்டுகள் இருப்பதால் அதன் கண்ட்ரோல் பட்டியலை மாற்ற முடியாது என்று ஒரு புகழ்பெற்ற பிழைச் செய்தி வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் கோப்பு இருக்கும் பாதை கண்டுபிடிக்க அங்கே ஒரு துண்டு எழுதிவைத்திருந்தார். பிளேஸ்ஹோல்டர் என்கிற வெற்றுக் கண்ட்ரோல் ஒன்றை நட்டு, அதற்குள் என் லிங்க்கைப் போட்டுத் தப்பித்தேன்.

தீம் என்று ஒரு வசதி உண்டே, அதைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று பழைய ஆட்கள் கேட்பீர்கள். முதலில் அதைத்தான் தொட்டேன். தீம் ஃபோல்டருக்குள் கிடக்கும் ஸ்டைல் ஷீட் எல்லாவற்றையும் அது தானாகவே ஹெட்டில் சேர்க்கும், ஆனால் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி அகர வரிசையில். எந்த ஷீட் கடைசியில் வருகிறதோ அதன் பேச்சுதான் எடுபடும் என்கிற இடத்தில் அகர வரிசை! கோப்புப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டுக்கொண்டு திரிந்தோம். பிரிண்ட் எடுக்கும்போது மட்டும் வேண்டிய ஷீட்டையும் அது எல்லா நேரத்துக்குமாகச் சேர்த்துவைக்க, மெனுவே இல்லாத பக்கத்தை முகவர்கள் ஒருநாள் முழுக்கப் பார்த்தார்கள். அத்தோடு தீமுக்குக் கும்பிடு.

நான்கு வரி வேலை செய்ததைப் பார்த்து டீமில் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. முகப்புப் பக்கத்தில் பதினான்கு யூசர் கண்ட்ரோல்கள். அறிவிப்புப் பலகை, பிரீமியம் அட்டவணை, நிலுவைப் பட்டியல், இப்படி. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய ஷீட்டைத் தானே சேர்த்துக்கொள்ளும். கண்ட்ரோலை எந்தப் பக்கத்தில் தூக்கிப் போட்டாலும் தன் உடுப்போடு வரும். பெருமையாக இருந்தது. எங்கள் லீட் மட்டும் முகம் சுளித்தார். "ஹெட் பக்கத்துக்குச் சொந்தம். கண்ட்ரோல் ஏன் அங்க கை வைக்குது?" என்றார். பழைய காலத்து ஆள், ஸ்டைல் ஷீட்டை மனிதன் கையால் எழுதவேண்டும் என்று நினைக்கிறவர் என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம்.

சிரிப்பு அடங்க அதிக நாள் ஆகவில்லை. சர்வர் பக்கத்தைக் கட்டும்போது இனிட் என்று ஒரு கட்டம், அதற்குப் பின் லோட் என்று ஒரு கட்டம் உண்டு. கோட் ரிவ்யூவில் யாரோ, எல்லா இடத்திலும் லோடில்தானே எழுதுகிறோம், இங்கே மட்டும் ஏன் இனிட் என்று கேட்க, நானும் ஒழுங்குக்காக வரிகளை இனிட்டிலிருந்து லோடுக்கு நகர்த்தினேன். மறுநாள் பொத்தான்களின் நிறம் மாறியிருந்தது. வெப் ஃபார்ம்ஸில் இனிட் உள்ளிருந்து வெளியே வரும், முதலில் குழந்தை, பிறகு தாய். லோட் வெளியிலிருந்து உள்ளே போகும், முதலில் தாய், பிறகு குழந்தை. ஆக எல்லாப் பக்கத்துக்கும் பொது வார்ப்பான மாஸ்டர் பேஜ் சேர்த்த ஷீட்டும் கண்ட்ரோல் சேர்த்த ஷீட்டும் ஹெட்டில் இடம் மாறிக்கொண்டன. ஷீட் இரண்டிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எப்போது சேர்த்தோம் என்பது மட்டும்தான் மாறியது. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

31

அடுத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைப் பற்றி நிறையப் பேர் புலம்பியாயிற்று. கிளையன்ட் அலுவலகத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8. எங்களுக்கு ஃபயர்ஃபாக்ஸ். முகப்பின் கடைசி இரண்டு கண்ட்ரோல்கள் அங்கே மட்டும் உடுப்பில்லாமல் நின்றன. எக்ஸ்ப்ளோரரில் 9ஆம் பதிப்பு வரைக்கும் ஒரு பக்கத்தில் 31 ஷீட்டுக்கு மேல் எடுபடாது. 32ஆவது வந்தால் பிழை காட்டாது, எச்சரிக்கை தராது, சத்தமில்லாமல் விட்டுவிடும். எங்கள் ஹெட்டில் எண்ணிப் பார்த்தால் 34. பதினான்கு கண்ட்ரோலுக்கு எப்படி 34? பொத்தானுக்கான பொது ஷீட்டை ஒன்பது பேர் ஒன்பது தடவை சேர்த்திருந்தார்கள். ஏற்கெனவே யாராவது சேர்த்துவிட்டார்களா என்று யாரும் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒரு சின்ன உதவி ஃபங்ஷன் எழுதினேன், எண்ணிக்கை இறங்கியது, மறந்துபோனோம்.

இதில் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. பிரவுசரில் ஓடும் நிரலான ஸ்கிரிப்ட்டுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஸ்கிரிப்ட் கோப்பைச் சேர்க்க வெப் ஃபார்ம்ஸில் பதிவுசெய்கிற வசதி இருந்தது. ஒரு சாவிப் பெயர் சொல்லிப் பதிய வேண்டும். அதே சாவியில் பத்துப் பேர் பதிந்தாலும் பக்கத்தில் ஒரு தடவைதான் வரும். ஸ்டைல் ஷீட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று அப்போது கேட்டேன், மறந்துவிட்ட கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நிமிடத்துக்கு ஒருவர்

முகப்புப் பக்கம் மெதுவாக வருகிறது என்று புகார். டேட்டாபேஸ் ஆட்கள் பிரீமியம் அட்டவணையைக் கை காட்டினார்கள். நாள் முழுக்க மாறாத அட்டவணையை ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கண்ட்ரோலின் தலையில் ஒரே வரி: இதன் வெளியீட்டை 600 நொடி கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வை. பக்கம் பறந்தது. லீட்கூடத் தட்டிக்கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து டெஸ்டிங்கில் இருந்த தோழி வந்து நின்றாள். "அந்த டேபிள் காலையில நல்லா இருந்துச்சு. டீ குடிச்சிட்டு வந்து பாத்தா கலர் இல்ல, கோடு இல்ல, எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது." என் கணினியில் பார்த்தேன், நன்றாக இருந்தது. அவள் கணினிக்குப் போனேன், அலங்கோலம். உன் பிரவுசர் தன் கேஷில் இருக்கும் பழையதைக் காட்டுகிறது, கீபோர்டில் கண்ட்ரோல் எஃப்5 அடி என்றேன். எங்கள் தொழிலில் இது, தலைவலிக்கு சுக்குக் கஷாயம் மாதிரி, கேட்காமலே கொடுப்போம். அடித்தாள். மாறவில்லை. லிங்க் முகவரியின் வாலில் ஒரு பதிப்பு எண்ணை ஒட்டி, புதிய பில்டு போட்டுக் கொடுத்தேன். சரியாயிற்று. மதியம் மறுபடி வந்து நின்றாள்.

அந்த ஒரு வாரம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் வெட்கம். அவள் வந்து சொல்வாள், நான் நிரலில் எதையாவது தட்டி, புதிதாக பில்டு போட்டு, பக்கத்தைத் திறப்பேன், நன்றாக இருக்கும், தீர்ந்தது என்பேன். பில்டு போடும்போதெல்லாம் சர்வரில் அப்ளிகேஷன் புதிதாகத் தொடங்குகிறது, கேஷ் காலியாகிறது, அதற்குப் பிறகு பக்கத்தைத் திறக்கிற முதல் ஆள் நான்தான். முதல் ஆளுக்கு வண்ணம் உண்டு. இரண்டாவது ஆள் அவள். நான் எத்தனை தடவை பார்த்தாலும் முதல் ஆளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. கிளையன்ட் பக்கம் பத்து நிமிடத்துக்கு ஒருவருக்கு மட்டும் அட்டவணை ஒழுங்காகத் தெரிந்திருக்கும். அந்த ஒருவர் பக்கத்துச் சீட்டுக்காரரைப் பார்த்து, எனக்கு நல்லாத்தானே இருக்கு என்று சொல்லியிருப்பார்.

வெள்ளிக்கிழமை மாலை அவள் கணினியிலேயே உட்கார்ந்து, எதையும் தொடாமல், அலங்கோலமாக நின்ற பக்கத்தை மட்டும் பார்த்தேன். அட்டவணையில் ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி உண்டு, தட்டினால் விவரம் விரியும். சும்மா தட்டினேன். விரிந்தது. மறுபடி தட்டினேன், மடங்கியது. கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். வண்ணம் வரவில்லை, ஸ்கிரிப்ட் வந்திருக்கிறது. பக்கத்தின் மூலத்தைத் திறந்தால் ஹெட்டில் அந்த ஷீட்டின் லிங்க்கே இல்லை, ஸ்கிரிப்ட் மட்டும் சமர்த்தாக இருந்தது. ஆனால் இரண்டையும் சேர்க்கிற வரிகள் ஒரே ஃபங்ஷனில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. முதல் வரி ஓடாமல் இரண்டாவது வரி மட்டும் எப்படி ஓடும்?

அந்த ஃபங்ஷனில், ஓடினால் குறிப்பு எழுதும் ஒரு லாக் வரியைப் போட்டேன். முதல் தடவை பக்கம் திறந்தால் லாக் விழுந்தது. இரண்டாவது தடவை விழவே இல்லை. அதாவது எந்த வரியும் ஓடவில்லை. கேஷில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும்போது வெப் ஃபார்ம்ஸ் அந்தக் கண்ட்ரோலை உருவாக்குவதே இல்லை. சேமித்துவைத்த எச்டிஎம்எல் துண்டை எடுத்து அப்படியே ஒட்டுகிறது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, கேஷ் என்றாலே அதுதான். ஆச்சரியம் ஸ்கிரிப்ட்தான். ஓடாத நிரல் எப்படி ஸ்கிரிப்ட்டைச் சேர்த்தது? கம்பெனி பஸ் போய்விட்டது. ஒன்பது மணி வரைக்கும் ஃப்ரேம்வொர்க்கின் உட்புறத்தைப் பிரித்துப் பார்க்கிற டூலை வைத்துத் தோண்டினேன். கேஷில் துண்டைச் சேமிக்கும்போதே, அந்தக் கண்ட்ரோல் எந்தெந்த ஸ்கிரிப்ட்டைப் பதிந்தது என்பதையும் கூடவே எழுதி வைத்துக்கொள்கிறது. பிறகு துண்டை எடுத்து ஒட்டும்போது அந்தப் பதிவுகளையும் ஒவ்வொன்றாக மறுபடி நடத்துகிறது. நான் சேர்த்த லிங்க்கோ எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. எப்படி எழுதுவார்கள்? நான் யாரிடமும் சொல்லவில்லையே. நேராக ஹெட்டைத் திறந்து உள்ளே திணித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்கிரிப்ட் விஷயத்தில் நான் செய்தது, மளிகைச் சீட்டில் ஒரு வரி எழுதியது. ஸ்டைல் ஷீட் விஷயத்தில் நானே கடைக்குப் போய் வாங்கி வந்து சமையலறையில் வைத்தேன். சாமான் இரண்டு விதத்திலும் வந்து சேர்ந்தது. ஆனால் நான் வராத நாளில் சீட்டு இருக்கும், அதைப் பார்த்து யாராவது வாங்குவார்கள். நான் கையால் வாங்கி வைத்தது அந்த நாளோடு சரி. அதுவரைக்கும் எங்களைக் கடித்த எல்லாமே இதுதான் என்று அந்த இரவு தோன்றியது. ஒன்பது தடவை சேர்ந்தது, எப்போது சேர்த்தோம் என்பதை வைத்து நிறம் மாறியது, கேஷில் காணாமல் போனது, எல்லாமே நாங்கள் "இது வேண்டும்" என்று சொல்லாமல் "இதைச் சேர்" என்று எழுதியதன் பலன்.

திங்கட்கிழமை லீட்டிடம் சொன்னேன். நான் சொன்ன மளிகைச் சீட்டு அவரை அசைக்கவில்லை. எல்லாக் கண்ட்ரோல்களின் ஷீட்டையும் ஒரே கோப்பாக்கி, மாஸ்டர் பேஜில் கையால் ஒரே லிங்க் எழுதச் சொன்னார். வங்கியின் நிறம் மட்டும் சர்வர் வழியாக. அரை நாளில் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தளத்தில் அந்தப் புகார் வரவே இல்லை, அந்த எரிச்சல் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

வரிசையில் நிற்கும் ஷீட்கள்

அப்புறம் கம்பெனி மாறி, பிஎச்பி மொழிப் பக்கம் வந்து சேர்ந்தேன். அதில் எழுதிய, தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஸ்டைல் ஷீட் சேர்க்கிற முறையைப் பார்த்தபோது, நான் வெப் ஃபார்ம்ஸில் ஏங்கியது இங்கே 2008ஆம் ஆண்டின் 2.6 பதிப்பிலேயே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. ஷீட்டுக்கு ஒரு பெயர் வைத்து வரிசையில் நிறுத்தவேண்டும். இந்த ஷீட் எந்த ஷீட்டுக்குப் பின்னால் வரவேண்டும் என்பதையும் சொல்லலாம். அதே பெயரைப் பத்து பிளகின், அதாவது கூடுதல் வசதித் துண்டு, கேட்டாலும் ஒரு தடவைதான் வரும். பதிப்பு எண் கொடுக்காவிட்டால் வேர்ட்பிரஸ் தன் சொந்தப் பதிப்பு எண்ணை வாலில் ஒட்டிவிடும், அதனால் நீங்கள் ஷீட்டை மாற்றினாலும் பிரவுசருக்குத் தெரியாது. கோப்பு மாறிய நேரத்தையே எண்ணாகக் கொடுப்பவர்கள் நிறைய. ஆனால் அங்கே வேறொரு இக்கட்டு. வெப் ஃபார்ம்ஸ் முழுப் பக்கத்தையும் நினைவில் கட்டி முடித்த பிறகுதான் அச்சடிக்கும். வேர்ட்பிரஸ் அப்போதெல்லாம் மேலிருந்து கீழே அச்சடித்துக்கொண்டே போகும். கட்டுரைக்குள் அட்டவணை போன்றதை வரவழைக்க எழுதும் சிறு குறியான ஷார்ட்கோட், தனக்கு ஷீட் வேண்டும் என்று கேட்கும் நேரத்தில் பெரும்பாலும் ஹெட் கைவிட்டுப் போயிருக்கும். 3.3இலிருந்து அப்படித் தாமதமாக வந்தவற்றைப் பக்கத்தின் அடியில் சேர்த்தார்கள். ஒரு கணம் உடுப்பில்லாமல் தோன்றி, பிறகு உடுத்திக்கொள்ளும்.

வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான டிரூபலின் கதைதான் எனக்கு ஆறுதல். அதன் 7ஆம் பதிப்பில் ஷீட் சேர்க்க ஒரு ஃபங்ஷன், பெயரிலேயே 'ஆட்' (சேர்) இருக்கும். மாட்யூல் என்கிற கூடுதல் துண்டு ஒவ்வொன்றும் தன் ஷீட்டைச் சேர்க்க, எக்ஸ்ப்ளோரரின் அதே 31இல் அவர்களும் போய் முட்டினார்கள். ஷீட்களை ஒரே கோப்பாகச் சேர்க்காத நிலையில், ஸ்டைல் டேக் ஒன்றுக்குள் ஷீட்டை இழுக்கும் 31 இம்போர்ட் வரிகளை அடைத்து அந்தக் குறையைத் தாண்டினார்கள். 31 பெருக்கல் 31, 961 வரை இடம். 2015 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பில் அந்த 'ஆட்' ஃபங்ஷனையே எடுத்துவிட்டார்கள். ஷீட் வேண்டுமென்றால் அந்தத் துண்டோடு ஒட்டி அறிவிக்கவேண்டும். துண்டு கேஷுக்குள் போனால் அறிவிப்பும் கூடப் போகும். அந்த மாற்றத்தைப் பற்றிப் படித்த அன்று, எங்கோ முகம் தெரியாத ஒருவரும் முதல் ஆளாகவே பார்த்து ஏமாந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு வரி

இப்போது பையன் அனுப்பிய நிரலுக்கு வருகிறேன். வேர்ட்பிரஸ் தளம், விலைப் பட்டியல் காட்டும் ஷார்ட்கோட். வரிசையில் நிறுத்துகிற சோலியே வைத்துக்கொள்ளவில்லை அவன். அட்டவணையின் எச்டிஎம்எல்லுக்கு முன்னால் லிங்க் டேக்கையும் சேர்த்து அச்சடித்து, மொத்தத்தையும் ஒரு மணி நேரத்துக்கு கேஷில் வைத்திருந்தான். பக்கத்தின் உடல்பகுதியான பாடிக்குள் லிங்க் டேக்! எங்கள் காலத்தில், எச்டிஎம்எல் 4இல், ஹெட்டுக்கு வெளியே அதற்கு இடமே கிடையாது. "இது தப்பு" என்று தட்டச்சு செய்துவிட்டு, எதற்கு தப்பு என்று எழுதப் போனபோதுதான் விரல் நின்றது. இன்றைய எச்டிஎம்எல் தரத்தில் ஸ்டைல் ஷீட் லிங்க் பாடிக்குள் வரலாம், அனுமதி உண்டு. லிங்க் துண்டுக்குள்ளேயே இருப்பதால் கேஷுக்குள் அதுவும் சேர்ந்தே போகிறது. இரண்டாவது ஆளுக்கும் வண்ணம் வரும், இருநூறாவது ஆளுக்கும் வரும். நான் ஒரு வாரம் அலைந்து, ஒன்பது மணி வரைக்கும் தோண்டிக் கண்டுபிடித்த சிக்கல் அவனுக்கு வரவே வராது. மளிகைச் சீட்டும் எழுதவில்லை, கடைக்கும் போகவில்லை. சாதத்தோடு ஊறுகாயையும் சேர்த்தே பொட்டலம் கட்டிவிட்டான்.

ஆனாலும் ஏதாவது சொல்லவேண்டுமே. "ஒரே பக்கத்துல ரெண்டு பட்டியல் வந்தா லிங்க் ரெண்டு தடவை வருமே?" என்று எழுதினேன். "வந்தா என்ன ணா, பிரவுசர் ஒரு தடவைதான எடுக்கும்?" என்று கேட்டான். 31 பற்றி எழுதப் போய் நிறுத்திக்கொண்டேன். எக்ஸ்ப்ளோரரையே 2022இல் மூடியாயிற்று, அதற்கெல்லாம் இப்போது கதை சொல்லக்கூடாது. "சுத்தமா இருக்கட்டுமே" என்றேன். சரிண்ணா என்று ஐந்து நிமிடத்தில் ஒரு சோதனை வரியைச் சேர்த்தான்: இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே லிங்க் போயிருந்தால் மறுபடி போடாதே. அப்ரூவ் செய்தேன். வெள்ளிக்கிழமை லைவுக்குப் போனது.

அடுத்த புதன்கிழமை ஒரு மெயில். முகப்பில் மொத்த விலை, சில்லறை விலை என்று இரண்டு பட்டியலும் ஒழுங்காகத் தெரிகின்றன. சில்லறை விலைக்கென்று தனியாக இருக்கும் பக்கத்தில் மட்டும் கலர் போய்விடுகிறது, அதுவும் எப்போதாவதுதான், ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடுகிறது என்று. பையன் ஏற்கெனவே பதில் போட்டிருந்தான்: தயவுசெய்து உங்கள் பிரவுசர் கேஷை அழித்துவிட்டுப் பாருங்கள்.

முகப்பில் முதல் பட்டியல் லிங்க்கோடு கேஷுக்குள் போயிருக்கும். இரண்டாவது பட்டியல், லிங்க் ஏற்கெனவே போய்விட்டதே என்று, அது இல்லாமலே போயிருக்கும். அந்தத் துண்டைத்தான் தனிப் பக்கம் எடுத்து ஒட்டுகிறது. எழுந்து அவன் சீட்டுக்குப் போய், நான் போடச் சொன்ன சோதனை வரியை எடுத்துவிடச் சொன்னேன். லிங்க் இரண்டு தடவை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.